கொடுவாவின் மேல் என் கை

மீன் கூண்டைத் தண்ணியில் இறக்கிய ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தவர்கள் நாலு பேர்: நான், என் அண்ணன், அண்ணி, அடுத்த பாட்டுக்காரர். இல்லாதவர்கள், கூண்டுக்குள் போன கொடுவா மீன்களைப் பிடித்த வாடிக்கையாளர்கள் மூன்று பேர். அவர்கள் ஆளுக்கு மூன்று மீனோடு போட்டோ எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வண்ணாரப்பேட்டை பக்கம் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள்.

பாடு என்றால் முறை. எண்ணூர் முகத்துவாரத்தில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்று ஊர் முறை வைத்திருக்கிறது. பாலத்துத் தூண்களை ஒட்டி எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள். எங்களுக்குக் கீழே, தண்ணி கடலுக்கு இறங்கும் பக்கம், அடுத்த பாட்டுக்காரர். அவரும் அண்ணனும் அஞ்சாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. ஒருத்தரை ஒருத்தர் மாமு என்பார்கள்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.காம். அதனால் போனில் எதைப் படித்துச் சொன்னாலும் வீட்டில் அது சட்டம் மாதிரி. தூண்டில் ராடு போட்டு மீன் பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணியிலேயே விட்டுவிடுவதற்கு நகரத்து ஆட்கள் பணம் கொடுக்கிறார்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் படித்துச் சொன்னேன். அண்ணி அப்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "புடிச்சி வுடறதுக்கு இன்னாத்துக்குப் புடிக்கணும்?" என்றார். மீனும் ஆத்துல இருக்கும், காசும் வீட்டுக்கு வரும் என்று நான் விளக்கினேன். மனசார நம்பித்தான் சொன்னேன். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைத் தண்ணியும் சேர்ந்து முகத்துவாரத்தில் மீன் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்த நேரம். கொல்லாமல் பிழைக்க ஒரு வழி கிடைத்ததே என்று இருந்தது. அண்ணன் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு வேலையை விட்டுவிட்டு எங்கள் ஃபைபர் போட்டை இதற்கே இறக்கினான்.

பாடு வலைக்குத்தான், ராடுக்கு இல்லை என்பதால் ஊர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. கொடுவா ஒருவர் பாட்டுக்குள் மட்டும் நிற்கிற மீன் இல்லை, மேலும் கீழும் திரியும், எல்லாருக்கும் பொது. ஆகவே எங்கள் பாட்டில் ராடில் மாட்டுவது எல்லாம் உயிரோடு திரும்பப் போக வேண்டும். செத்தது என்று தெரிந்தால் பாடு போய்விடும்.

கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி அறுக்கும். உடம்போ வழுக்கும். முதல் வாரமே ஒரு வாடிக்கையாளர் கையைக் கிழித்துக்கொண்டார், இரண்டு மீன் போட்டின் தரையில் விழுந்து துள்ளின. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் போடும் வெள்ளைப் பருத்திக் கையுறையை டஜனாக வாங்கி வந்தேன். அதைப் போட்டுக்கொண்டால் மீன் இம்மியும் நகராது. பல பேருக்கு மீனைத் தொடவே பயம் என்பதால் அநேகமாக நானே பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர்கள் பக்கத்தில் நின்று சிரிப்பார்கள். சின்ன வயதில் போட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டி என் வலது சுண்டு விரல் வெளிப்பக்கமாகக் கோணிவிட்டது. அந்த ஒரு விரல் மட்டும் கையுறைக்குள் சரியாக உட்காராது. ஒவ்வொரு நாளும் புதுசாக, காய்ந்த ஜோடிதான் போடுவேன். ஈரக் கையுறை நாறும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்கள். எங்கள் விளம்பரத்தில் 'மீனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு' என்று நான்தான் எழுதினேன்.

உதடு கிழிந்த ஒரு கொடுவா இருந்தது. முதல் மாசம் மாட்டியது, மூன்றாம் மாசம் திரும்ப மாட்டியது. அண்ணன் அதற்கு ரெகுலர் கஸ்டமர் என்று பெயர் வைத்தான். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். திரும்பி வந்த ஒன்றைத்தான் பார்த்தோம், வராததை எண்ணவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாளில் தூண்களுக்கு அடியில் மீன் கடிப்பது குறைந்தது. ராடில் கட்டிய பிளாஸ்டிக் பொம்மை மீனின் பின்னாலேயே வரும், ஒரு முழம் இருக்கும்போது திரும்பிப் போய்விடும். கொடுவா உஷாராகிவிட்டது என்று அண்ணன் சிரித்தான். உஷாராகிறது என்றால் உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று அதையும் எங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த பாட்டுக்காரர் ஒரு நாள் கரைக்கு வந்து நின்றார். அவர் வலையில் செத்த கொடுவா வருகிறதாம், எங்கள் முறைக்கு இரண்டு மூன்று நாள் கழித்துச் சரியாக வருகிறதாம். "உன் தம்பி போட்டோ எடுக்கறான் மாமு, நான் பொணம் பொறுக்கிகினு கீறேன்" என்றார். அண்ணன் ஆலைகள் பக்கம் கையைக் காட்டினான். எங்கள் ஊரில் செத்த மீனைப் பார்த்தால் யாரும் யோசிப்பதில்லை. சுடுதண்ணி, சாம்பல், எண்ணெய் என்று வாய் தானாகச் சொல்லும். எத்தனையோ தடவை அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. ஆலைகள் மேல் நானே எத்தனை மனு எழுதியிருப்பேன்.

அவர் விடவில்லை. "தண்ணிதான்னா ஒரே கூண்டுல ரெண்டு பேர் மீனையும் போடுவோம். என்துகூட சாவணும்ல?"

நான் உடனே சரி என்றேன். நல்ல வீடியோ கிடைக்கும் என்று உள்ளூர சந்தோஷம்கூட. மூங்கில் நட்டு வலை கட்டி, நடுவே ஒரு வலைத் தடுப்பு வைத்தோம். ஒரு பக்கம் அன்று காலை ராடில் மாட்டிய ஒன்பது. எல்லாம் என் கையில் நின்று படம் எடுத்துக்கொண்டவை. இன்னொரு பக்கம் அவர் கட்டு வலையில் சிக்கிய ஆறு. அவர் அவற்றைக் கையால் தொடவில்லை. அன்னக்கூடையால் தண்ணியோடு மொண்டு வந்து தண்ணியோடு ஊற்றினார். ஒன்பதும் வாலை அடித்துக்கொண்டு அடிக்குப் போயின. எப்போதும் அப்படித்தான் போகும், வாடிக்கையாளர்கள் கை தட்டுவார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை பதினைந்தும் உயிரோடு இருந்தன. அண்ணன் அவரைக் கிண்டல் பண்ணினான், அவர் பீடி பற்ற வைத்தார். அண்ணி இரண்டு பக்கமும் சின்ன இறாலை அள்ளிப் போட்டார். அவருடைய ஆறும் பாய்ந்து தின்றன. எங்களுடையது எதுவும் வாயைத் திறக்கவில்லை. நிழல் விழுந்தால் மூலையில் போய் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன.

செவ்வாய்க்கிழமை இரண்டு மிதந்தன. தண்ணி என்றான் அண்ணன், ஆனால் சத்தம் இறங்கியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அதே தண்ணியில் ஆறும் சுற்றிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலை இன்னும் மூன்று. ஒன்றுக்கு உயிர் இருந்தது, மல்லாந்து செவுளை மட்டும் அசைத்தது. அண்ணி அதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார், கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இங்க வா. யாரோ கைய வெச்சி இஸ்திரி போட்ட மாதிரி கீது."

வயிற்றுக்கு மேலே செதில் போய், நாலு பட்டை. சிவந்து, ஓரம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மறு பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வட்டம். நாலாவது பட்டை மற்ற மூன்றையும் விட்டு வெளியே விலகி வளைந்திருந்தது. நான் கையை அதன் மேல் கொண்டுபோனேன், தொடவில்லை. அச்சில் ஊற்றியது போல் பொருந்தியது. என் கோணல் சுண்டு விரல் உட்பட.

செத்து ஒதுங்கிய மற்ற நாலையும் அண்ணி திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது. மீனின் வழவழப்பை அழுக்கு என்று நினைத்திருக்கிறேன். அதுதான் அதற்குத் தோலுக்கு மேல் தோல். காய்ந்த பருத்தியால் நான் துடைத்து எடுத்தது அதைத்தான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மீன் என்று மனசு எண்ணப் பார்த்தது, நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மத்தியானம், முன்பு படித்த அதே பக்கத்தைப் போனில் திறந்து முழுசாகப் படித்தேன். கையை நனைத்துக்கொள், தண்ணியை விட்டு வெளியே எடுக்காதே, காய்ந்த துணி படக் கூடாது. எல்லாம் கீழே எழுதியிருந்தது. பணம் கொடுக்கிறார்கள் என்ற வரியோடு நான் நிறுத்தியிருந்தேன். அது இங்கிலீஷ், வீட்டில் வேறு யாருக்கும் படிக்க வராது. நான் நிறுத்திய இடத்தில்தான் அண்ணனும் நின்றான்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதில் ஏழு போய்விட்டன. மீதி இரண்டைத் திறந்து விட்டோம். அவருடைய ஆறும் கடைசி வரை உயிரோடு இருந்தன. அவர் அவற்றைக் காசிமேட்டில் விற்றார்.

அண்ணன் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றான். அவன் பயம் பாடு போய்விடுமே என்பது மட்டும் இல்லை. இதைக் கேட்டால் ஆலைக்காரர்கள் செத்த மீனையெல்லாம் இனி நம் தலையில் கட்டுவார்கள் என்றான். ஆச்சரியம், அடுத்த பாட்டுக்காரரும் அதையே சொன்னார். "தண்ணின்னே வெச்சிக்கலாம் மாமு. தண்ணி ஒண்ணும் யோக்கியம் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா இனிமே நீ மனு எழுதுனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

அது என்னைத் தூங்க விடவில்லை என்று சொன்னால் பெரிய வார்த்தை. நன்றாகத்தான் தூங்கினேன். விழித்ததும் கையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் எழுந்து, கையுறையைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அண்ணன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், தலையைத் தூக்கவில்லை. ஊர் பாட்டைப் பிடுங்கவில்லை. ராடு போடலாம், ஆனால் மீன் தண்ணியை விட்டு வெளியே வரக் கூடாது, தூண்டில் முள்ளைத் தண்ணிக்குள்ளேயே கழற்றிவிட வேண்டும், போட்டோ கிடையாது என்றது.

முன்பணம் கட்டியிருந்த ஆறு வாடிக்கையாளர் குழுவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒருத்தர் மட்டும் நல்லது தம்பி என்றார், அவரும் பணத்தைத் திருப்பித்தான் கேட்டார். போட்டோ இல்லாமல் எதற்கு வரணும் என்று மற்றவர்கள் நேராகவே கேட்டார்கள். ராடுகளைப் பாதி விலைக்குத் தள்ளினோம். அண்ணன் யார்டுக்கே திரும்பப் போனான், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. இப்போது எங்கள் பாட்டு நாளில் வலை போடுகிறோம். அண்ணன் அன்னக்கூடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறான், சின்ன மீனை அதில் மொண்டு தண்ணியோடு ஊற்றுகிறான்.

திருப்பிக் கொடுத்த முன்பணமும் ராடுகளில் போன நஷ்டமும் சேர்த்து, அன்று கூட்டத்தில் எழுந்து சொன்னதற்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.