ஐரோப்பாவும் நல்லெண்ணெயும்

எங்க வீட்டுக்காரர்ட்ட பாஸ்போர்ட் கிடையாது. செங்கோட்டையைத் தாண்டி ஒரு கல்யாணத்துக்குக் கொல்லம் வரைக்கும் போயிருக்கார், அவ்வளவுதான் அவர் பார்த்த வெளிநாடு. ஆனா ஐரோப்பாவுல பதினாறு வயசுக்குட்பட்ட பொம்பளைப் பிள்ளைக ஆடுற கூடைப்பந்துப் போட்டியைப் பத்தி என்ன வேணும்னாலும் அவர்ட்ட கேக்கலாம். கேக்காட்டாலும் சொல்லுவார். என் கஷ்டமே அதுதான்.

எல்லாம் எங்க மகளால வந்தது. ஆறாங்கிளாஸ் படிக்கும்போதே என் தோளுக்கு வளர்ந்து நின்னா. பள்ளிக்கூடத்துல பி.டி. சார் அவ கையில ஒரு பந்தைக் கொடுத்துட்டார். இவர் கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். அதுவரைக்கும் கிரிக்கெட்டைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. "இந்த வயசுப் பிள்ளைக வெளியூர்ல எப்படி ஆடுதுன்னு பாப்போமே"ன்னு ஒருநாள் போனைத் தட்டினார். அன்னைக்குத் தட்டின கை இன்னும் ஓயல.

அங்கன கோடை லீவுல போட்டி வைக்காங்க. இங்கன அப்போ நமக்கு சீசன். மலையில மேகம் இறங்கி, சாரல் அடிச்சுக்கிட்டிருக்கும். குற்றாலத்துக்குப் போற வண்டிக எங்க தெருவை அடைச்சுக்கிட்டு நிக்கும். நான் ஜெராக்ஸ் கடையை அடைச்சுட்டு வந்து பார்த்தா, அப்பனும் மகளும் சன்னல் பக்கத்துல சுக்குக் காப்பியை வச்சுக்கிட்டு, போனை டம்ளர்ல சாய்ச்சு வச்சு ஆட்டம் பார்த்துக்கிட்டிருப்பாங்க. அங்க அது மத்தியானம்.

பார்த்தா மட்டும் போதாதே இந்த மனுசனுக்கு. பூர்வீகம் தெரியணும். சோத்துல குழம்பை ஊத்தும்போதுதான் ஆரம்பிப்பார்: "முதல்ல பையங்களுக்குத்தான் வச்சாங்க, கேட்டியா? பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பெறகுதான் வந்துது. அப்போ ஒரு வருசம் விட்டு ஒரு வருசம். இப்பத்தான் வருசா வருசம்." சோவியத்துன்னு ஒரு நாடு, யூகோஸ்லாவியான்னு ஒரு நாடு, ரெண்டும் கப்பை மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போகுமாம். இப்போ ரெண்டும் உலகப் படத்துலயே இல்ல. துண்டு துண்டாப் போயிட்டுது. "ஒரே டீமா ஆடினவன் பிள்ளைக இப்போ எதிரெதிரா நிக்குது பாரு"ன்னு சொல்லும்போது, சொத்துப் பிரிச்ச பங்காளி வீட்டைப் பத்திப் பேசுற மாதிரியே அவருக்குக் குரல் இறங்கிரும். "ரசம் ஊத்தட்டுமா, இல்ல யூகோஸ்லாவியாவே போதுமா"ன்னு கேப்பேன்.

அவருக்குன்னு ஒரு டீம் வேணும்லா. லாட்வியாவைப் பிடிச்சுக்கிட்டார். ஏன்னு கேட்டேன். "நம்ம ஜில்லா மாதிரி சின்ன நாடுட்டி. ஆனா பிள்ளைக சோர்ந்து போவாது"ன்னார். அந்த லாட்வியாக்காரப் பிள்ளைகளுக்குத் தென்காசியில இருந்து இவர்தான் கோச். "ஏட்டி, அங்கன எங்க போற? இங்கன வா! வலப்பக்கம் ஒருத்தி சும்மா நிக்கா பாரு, அவ கையில கொடு!" பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதும் சண்டையா"ன்னு கேட்டுட்டா.

கேலி பண்ணினாலும் ஒண்ணு சொல்லணும். அந்த ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்க பிள்ளை தேறினா. ஜில்லா டீமுக்கு வந்தா. போன வருசம் பதினாறு வயசுக்குட்பட்ட மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறதா சேதி வந்தப்போ அவளுக்குப் பதினஞ்சு முடிஞ்சு பதினாறு ஓடிக்கிட்டிருந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருசம் அந்த வயசு தாண்டிரும். பெறகு பெரிய பிள்ளைக கூட்டத்துல போய் கடைசி ஆளா நிக்கணும். "ஐரோப்பாவுலயும் இதே கதைதான். கப்பு ஜெயிச்ச பிள்ளைக்கே மறுவருசம் இடம் கிடையாது. வயசு யாருக்காகவும் நிக்காதுட்டி"ன்னு அவர் மகள்ட்ட சொன்னார். அவ மறுநாள்ல இருந்து விடியிறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுப் பள்ளிக்கூடத்து கோர்ட்டுக்கு ஓட ஆரம்பிச்சா. சாரல்ல சிமெண்டுத் தரை நனைஞ்சு கிடந்தா, சாக்கைப் போட்டு அவளே துடைச்சுக்கிட்டு ஆடுவா. அந்த ஒரு இடம் அவளுக்கு எவ்வளவு வேணும்னு பெத்தவ எனக்குத் தெரியும்.

தேர்வு திருநெல்வேலியில. அதுக்கு முந்தின நாள் வாசுதேவநல்லூர்ல இருந்து எங்க மதினி வந்து இறங்கினா. இவரோட அக்கா. சீசன்னா வருவா. இவங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் எதுவா இருந்தாலும் அன்னைக்குக் காலையில நல்லெண்ணெய் தேச்சு, அருவியில நின்னு தலை முழுகிட்டுத்தான் கிளம்பணும். பொண்ணு பார்க்க எங்க வீட்டுக்கு வந்தப்பவே மாப்பிள்ளை காதுல எண்ணெய் மினுமினுத்துக்கிட்டுத்தான் இருந்தது. கரண்டு ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கும் அப்படித்தான் போனாராம். எண்ணெயோட கம்பத்துல ஏறச் சொல்லாம விட்டாங்களே, அதுவரைக்கும் புண்ணியம்.

விடியக்காலம் எந்திரிச்சு வந்தா, மதினி மிளகும் சீரகமும் போட்டு எண்ணெயைக் காய்ச்சிக்கிட்டு நிக்கா. இவர் உள்ளங்கையில ஊத்திப் பிள்ளை தலையில தப்புதப்புன்னு வைக்கார். பெறகு மதினி கை, காலுன்னு ஒரு இடம் விடாமத் தேய்க்கா.

"ஏங்க, இன்னைக்கு எதுக்கு இது? பிள்ளை பந்து பிடிக்கப் போகுதா, குஸ்திக்குப் போகுதா?"

"நீ சும்மா இரு. உடம்புச் சூடு தணிஞ்சாத்தான் ஓட்டம் வரும்."

"அருவியில எண்ணெய் தேய்க்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்காங்கல்லா?"

"அருவிக்கரையிலதான் தேய்க்கக் கூடாது. வீட்டுல தேய்க்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

சட்டம் பேச ஆரம்பிச்சுட்டா அவர்ட்ட வக்கீல்கூட நிக்க முடியாது. நாலு பேரும் ஆட்டோவுல ஏறிக் குற்றாலம் போனோம்.

போனா, அருவி மூடிக் கிடக்கு. முந்தின ராத்திரி மலையில நல்ல மழை. வெள்ளம் செம்மண் நிறத்துல திடும்திடும்னு விழுது. போலீஸ்காரங்க கயித்தைக் கட்டிட்டு விசில் ஊதிக்கிட்டிருக்காங்க. "ஐந்தருவிக்குப் போவோம்"ன்னார். அங்கயும் தடை. தென்காசியில பொறந்து வளர்ந்த மனுசன், மலை இருட்டிக் கிடந்தா அருவியில விட மாட்டாங்கன்னு ஊருக்கே சொல்லுவார், அன்னைக்குப் பார்த்து அண்ணாந்து பார்க்கல! ஏ யப்பா, எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த வெள்ளத்துலயே அவரைத் தள்ளி விட்டிருப்பேன். பஸ்ஸுக்கோ நேரமாச்சு. ஒரு லாட்ஜ் வாசல்ல குழாயடியில பிள்ளையை உக்கார வச்சு, நானும் மதினியும் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தினோம். சீயக்காய் வீட்டுல இருக்கு. பச்சைத் தண்ணிக்கு எண்ணெய் போகுமா? துண்டை வச்சு அழுத்தித் துடைச்சுக் கூட்டிட்டு ஓடினேன்.

அவரால எங்ககூட வர முடியல. காத்துல எங்கயோ மரம் சாஞ்சு கம்பி அறுந்துட்டுதுன்னு ஆபீஸ்ல இருந்து போன் வந்துட்டுது. பஸ் சன்னல்ல கையை விட்டுப் பிள்ளை கன்னத்தைத் தட்டி, "பயப்படாம ஆடு. லாட்வியாக்காரி மாதிரி ஆடு"ன்னார். எண்ணெய் தேச்ச உடம்பு, காலைக் காத்து, ஆலங்குளம் வர்றதுக்குள்ள அவ தன் பந்தை மடியில கட்டிப் பிடிச்சுக்கிட்டு என் தோள்ல விழுந்து தூங்கிட்டா.

தேர்வு நடந்ததை நான் கம்பி வேலிக்கு வெளிய நின்னு பார்த்தேன். நல்ல வெயில். வேர்க்க வேர்க்க எண்ணெய் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. முதல்ல வந்த பந்தே கையில நிக்காம வழுக்கி வெளிய போச்சு. டிராயர்ல கையைத் தேச்சா. அடுத்த பந்தும் போச்சு. தரையில மண்ணைத் தொட்டுக் கையில பூசிக்கிட்டா. கூடைக்குக் கீழ, சும்மா போட்டாலே விழுற இடத்துல நின்னு போட்டா, பந்து விரலை விட்டு நழுவி எங்கயோ போச்சு. ஆள் எடுக்க வந்த சார், "என்னம்மா, கை இருக்கா இல்லையா?"ன்னு கத்தினார். வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நான், "அவ அப்படி ஆடுற பிள்ளை இல்லய்யா"ன்னு எனக்குள்ளயே சொல்லிக்கிட்டு நின்னேன். சாயங்காலம் பேர் வாசிச்சாங்க. எங்க பிள்ளை பேர் இல்ல.

திரும்பி வர்ற பஸ்ல நான் அவளைப் பெத்தவரைத் திட்ட ஆரம்பிச்சேன். கூறுகெட்ட மனுசன்ல இருந்து தொடங்கி, அவங்க குடும்பத்து வழக்கம் வரைக்கும் ஒண்ணையும் விடல. அவ என் கையைப் பிடிச்சா. "அம்மா, அப்பாட்ட எண்ணெயால போச்சுன்னு சொல்லிராத. அப்பா தாங்க மாட்டாங்க." அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நான்தான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தார். எங்க முகத்தைப் பார்த்ததும் தெரிஞ்சிருக்கும். இவளே முந்திக்கிட்டா. "மத்த பிள்ளைக ரொம்ப நல்லா ஆடுச்சுப்பா. எல்லாம் என்னைவிட உசரம். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்." அவர் அவ பையையும் பந்தையும் வாங்கி உள்ள கொண்டு போய் வச்சுட்டு வந்து, "சரி, சவத்த விடு. சாப்பிடு"ன்னார். என் நாக்கு சும்மா இருக்கிற நாக்கா? ஊருக்கே தெரியும். ஆனா பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். மதினி மட்டும் அடுப்படியில முந்தானையால மூக்கைச் சிந்திக்கிட்டிருந்தா.

அதுக்கப்புறம் வீட்டுல கூடைப்பந்துப் பேச்சே இல்ல. ஐரோப்பாப் போட்டி தொடங்கினது எனக்கே தெரியும், இவருக்குத் தெரியாம இருக்குமா? போனைத் தொடல. வேலை விட்டு வந்தா, கரண்டு காத்தாடிக்கு எண்ணெய் விடுதேன், குழாய்க்கு வாசர் போடுதேன்னு எதையாவது உருட்டிக்கிட்டுக் கிடந்தார். சோறு போடும்போது யூகோஸ்லாவியா வராதான்னு நானே ஏங்கிப் போயிட்டேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவளே போனை எடுத்து டம்ளர்ல சாய்ச்சு வச்சா. "அப்பா, லாட்வியா ஆடுது. வாங்க." வந்து உக்கார்ந்தார். சத்தம் போடல. நான் மல்லித்தழை ஆய்ஞ்சுக்கிட்டுப் பக்கத்துல இருந்தேன். ஆட்டம் முடியப் போற நேரம், ரெண்டு டீமும் சமமா நிக்குது. ஒரு லாட்வியாப் பிள்ளைக்கு நல்ல பாஸ் வந்துது. முன்னால ஒருத்தரும் இல்ல. பந்து அவ கையில பட்டு வழுக்கி வெளிய போயிட்டுது. அந்தப் பிள்ளை தன் கையையே பார்த்துக்கிட்டு நின்னா.

"வேர்வைதான். வேர்வைக்கே இப்படி வழுக்குது"ன்னார் இவர். "அப்போ எண்ணெய்க்குக் கேக்கவா வேணும்."

நான் ஆய்ஞ்சுக்கிட்டிருந்த கை நின்னு போச்சு. மக திரும்பி அவரைப் பார்த்தா.

"அன்னைக்கு உன் பந்தை வாங்கி உள்ள வச்சேம்லாட்டி. கையில நிக்காம வழுக்குச்சு. நல்லெண்ணெய் வாடை. நீ வேற மாதிரிச் சொன்ன. சரி, பிள்ளை நமக்காகச் சொல்லுதுன்னு நம்பின மாதிரி இருந்துட்டேன்."

அன்னைக்கு பஸ்ல அழாத பிள்ளை, வீட்டுக்கு வந்தும் அழாத பிள்ளை, அப்போதான் அழுதா. சின்னப் பிள்ளையா இருந்தப்போ அழுவாளே, அப்படி வாய்விட்டு. அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு அந்த இடம் வேணும்ப்பா. நான் நல்லா ஆடிருப்பேம்ப்பா. எனக்குக் கிடைச்சிருக்கும்ப்பா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. போன்ல ஆட்டம் ஓடிக்கிட்டே இருந்தது. யார் ஜெயிச்சான்னு எங்க மூணு பேருக்குமே தெரியாது. அவர் மக முதுகைத் தடவிக்கிட்டு, "கிடைச்சிருக்கும்ட்டி, கண்டிப்பாக் கிடைச்சிருக்கும்"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தார்.