ஐந்து நட்சத்திரக் கோல்டு காபி

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. கோடை வந்தால் அதில் ஒரு மாமா வாரத்துக்கு ஒரு ஹோட்டலைக் கண்டுபிடித்து, அதன் கோல்டு காபிக்கு ஐந்து நட்சத்திரம் போடுவார். அதை நம்பிப் போன நான் மூன்று கடைகளில் சர்க்கரை போட்ட கழுநீரைக் குடித்துவிட்டு, கோளாறு என் நாக்கில்தான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

நான்காவது கடை பழவங்காடியில். மூலை மேஜையில் அவரே இருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். குளிர்ந்த பாலும் ஐஸும் வரவழைத்தார். பிறகு பையிலிருந்து சின்ன ஃபிளாஸ்கை எடுத்து டிகாஷனை ஊற்றினார்.

"அப்போ நீங்க போட்ட ஸ்டாரெல்லாம், மாமா?" என்றேன்.

"காப்பிக்குத்தானே போட்டேன்? இவா பால் நன்னா தரா, கேட்டேளா. டிகாஷன் மட்டும் ஆத்துலேர்ந்து."

முகத்தில் மருந்துக்கும் வெட்கம் இல்லை. எனக்கும் ஒரு டம்ளர் கலந்து கொடுத்தார். இனி இந்த மனிதரை நம்பவே கூடாது என்று நினைத்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அன்று மாலை குழுவில் அந்தக் கடைக்கு நானும் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.