பெயர் மாறாத வண்டி

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெட்டி உள்ளே வந்ததும் கதவுப் பூட்டில் இருக்கும் சீல் நம்பரைக் காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பேன். நான்கு பக்கமும் போட்டோ எடுப்பேன். நசுங்கலோ, துரு ஓட்டையோ, கதவு ரப்பரில் கிழிசலோ இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்தில் ரிமார்க்ஸ் எழுதுவேன். ரிமார்க்ஸ் எழுதாமல் கையெழுத்துப் போட்டவன் அந்த நசுங்கலைத் தன் தலையில் வாங்கிக்கொண்டான் என்று அர்த்தம். வெளியே போகிற பெட்டிக்கு டிரைவர் கையெழுத்துப் போட்டு, நேரம் குறித்து, கேட்டைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு அது நடுரோட்டில் கவிழ்ந்தாலும் எங்களை ஒருவரும் கேட்க முடியாது.

இந்தப் புத்தியை யார்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் முதல் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவர் வரை எல்லாரையும் ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். சாமியே நேரில் வந்தாலும் நீங்கள் சீல் நம்பர் கேட்பீர்கள் என்பாள் என் மனைவி. கேட்பேன்தான்.

போன தை மாதம், பத்து வருடம் ஓடிய எங்கள் சின்னக் காரை விற்றுவிட்டுப் புதியது வாங்குவதென்று முடிவானது. ஷோரூமில் விற்பனையாளர் காரைப் பற்றி ஐந்து நிமிடமும் இன்சூரன்ஸைப் பற்றி முக்கால் மணி நேரமும் பேசினார். வெளியில் எடுத்தால் விபத்து நடக்கும்போது அலைய வேண்டியிருக்கும், எங்களிடமே எடுத்துவிடுங்கள் என்றார். முன்பின் தெரியாத ஒருவர் என் அலைச்சலைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று பொருள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ராயபுரத்தில் இருக்கும் என் பழைய இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேறொன்று சொன்னார். பல வருடமாக நான் ஒரு கிளெய்மும் போட்டதில்லை. அதனால் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி தள்ளுபடி சேர்ந்திருந்தது. நோ கிளெய்ம் போனஸ் என்பார்கள். அந்தப் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்லை, ஓட்டியவருக்குச் சொந்தம், வண்டியை விற்றதும் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கினால் புது வண்டிக்கு அதைக் கொண்டுபோகலாம் என்றார். நம்பாமல் இரண்டு இடத்தில் விசாரித்தேன். உண்மைதான். கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்.

"சார், ஆர்.சி.ல பேரு மாறுற வரைக்கும் அது உங்க வண்டி தான். நடுவுல இன்சூரன்ஸ் முட்ஞ்சு, வாங்குனவரு யாரையாவது இட்ச்சுட்டாருன்னா கேஸு உங்க பேர்ல தான் வரும். வூட்டை வித்து தான் கட்டணும்."

இத்தனை வருட உழைப்பில் எங்களுக்கென்று மிஞ்சியிருப்பது காலடிப்பேட்டையில் ஒரு இரண்டு அறை வீடு, அவ்வளவுதான். பழைய வண்டி என் பெயரில் சுற்றிக்கொண்டிருந்து எவர் மேலாவது ஏறினால் அதுவும் போகும். ஆனால் பயந்த கையோடு எனக்கு ஒரு தைரியமும் வந்தது. காகிதம் போட்டுக் கை கழுவுவதைத்தானே நான் தினமும் செய்கிறேன்.

வண்டியை வாங்க வந்தவர் மூன்றாவது தெரு பாய். தண்டையார்பேட்டையில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை வைத்திருப்பவர். எங்கள் யார்டுக்கும் தார்ப்பாய் அவரிடமிருந்துதான் வரும். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, ஆட்டோவில் ஏறி இறங்க முடியவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வேண்டும் என்றார். பத்து வருடப் பழக்கம். அவர் மனைவி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இருந்தும், "இன்சூரன்ஸு இன்னும் ரெண்டு மாசம் கீதுல்ல, அதுவும் வண்டியோட வருமா சார்?" என்று பாய் கேட்டதும் எனக்குள் மணி அடித்தது. என் போனஸுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன்.

ஒப்படைத்த அன்று வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். கிலோமீட்டர், தேதி, நேரம் எல்லாம் போட்டு ஒப்படைப்புச் சீட்டு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். பெயர் மாற்றுவதற்கான அரசாங்கப் படிவங்களிலும் கையெழுத்துப் போட்டேன். போட்டதோடு விடவில்லை. ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன இடத்தில், "வண்டி உள்ளது உள்ளபடி ஒப்படைக்கப்பட்டது, காலை 10.40க்குப் பிறகு எந்தப் பொறுப்பும் இல்லை" என்று நுணுக்கி நுணுக்கி எழுதினேன். பாய் அதைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே போனஸ் கடிதம் வாங்கிப் புது வண்டிக்குப் போட்டுக்கொண்டேன். விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து பாய் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பழைய வண்டி விற்றவனுக்கு வாங்கியவனிடமிருந்து வரும் போன் என்னவென்று எனக்குத் தெரியாதா? கிளட்ச் தேய்ந்திருக்கிறது, ஏ.சி. குளிரவில்லை, ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்பார். மறுநாளும் அடித்தார். அதையும் விட்டேன். பிறகு ஒரு புது நம்பரிலிருந்து எவரோ பேசி, உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கள், வண்டி விஷயம் என்றார். ஓ.டி.பி. கேட்பவனிடம் என்ன பேச்சு? அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, ஒரு திருடனை விரட்டிவிட்டதாக வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன். பாய் வீட்டுத் தெரு வழியாகப் போவதையும் நிறுத்தினேன். மார்க்கெட்டுக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

பங்குனியில் பழைய வண்டியின் பாலிசி முடியப்போகிறது என்று கம்பெனியிலிருந்து மெசேஜ் வரத் தொடங்கியது. விற்ற வண்டிக்கு எனக்கு எதற்கு மெசேஜ் என்று எரிச்சலாக அழித்தேன். ஏஜெண்டும் கூப்பிட்டார். கமிஷனுக்கு அலைகிறார் என்று அவர் போனையும் விட்டேன். கடைசியாக ஒரு காலையில் வந்த மெசேஜை இரண்டு முறை படித்தேன். என் பெயரில் அந்த வண்டிக்குப் புதிதாக ஒரு வருடத்துக்குப் பாலிசி எடுக்கப்பட்டுவிட்டதாம். நன்றி வேறு சொல்லியிருந்தார்கள்.

உடனே அரசாங்க இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயரின் முதலும் கடைசியும் தெரிந்தன, நடுவில் புள்ளிகள். என் பெயரேதான். இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த வண்டி என் பெயரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது என் பெயரிலேயே இன்சூரன்ஸும் எடுத்திருக்கிறார்கள். எதற்கு எடுப்பார்கள்? எங்கேயோ இடித்துவிட்டு என்னை மாட்டிவிடத்தான் என்று தோன்றியது.

சாயங்காலம் மூன்றாவது தெரு முனையில் நின்று மறைவாகப் பார்த்தேன். வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது. இடது பக்கப் பின்கதவு உள்ளே அமுங்கிக் கிடந்தது. நான் நினைத்தது சரி என்று முடிவு செய்துவிட்டேன். யாரோ அடிபட்டிருக்கிறார்கள். செத்துக்கூடப் போயிருக்கலாம். என் வீடு போயிற்று. அந்த நிமிடத்தில் பாய் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. போனை எடுத்துக் கதவைப் போட்டோ எடுத்தபடியே போய் அழைப்பு மணியை அழுத்தினேன்.

பாய் கதவைத் திறந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் என்னைக் கண்டு நிம்மதியானதுபோல உள்ளே வரச் சொன்னார். நான் உட்காரவில்லை. யாரை இடித்தீர்கள் என்று கேட்டேன். ஒருவரையும் இல்லை, வாங்கிய மூன்றாவது வாரம் சிக்னலில் நின்றிருந்தபோது ஒரு டிரெய்லர் உரசிவிட்டுப் போனது என்றார். பெயரை ஏன் மாற்றவில்லை என்றேன். பாய் அலமாரியிலிருந்து நான் கையெழுத்துப் போட்ட படிவங்களை எடுத்துவந்து காட்டினார். என் பொடி எழுத்தின் மேல் சிவப்பு மையில் ஒரு சுழி. படிவத்தில் இப்படியெல்லாம் எழுதியிருந்தால் செல்லாது என்று ஆபீஸில் திருப்பிவிட்டார்களாம். அதற்காகத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார். பிறகு ஆன்லைனில் செய்து பார்க்கலாம் என்று ஒரு புரோக்கரைப் பிடித்திருக்கிறார். ஓ.டி.பி. கேட்டதற்காக நான் பிளாக் செய்தது அவரைத்தான்.

"அப்ப என் பேர்ல இன்சூரன்ஸு எதுக்கு எடுத்தீங்க?" என்றேன்.

"பேரு தான் மாறலயே சார். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டி யாராவது குறுக்க வந்து வுழுந்துட்டா உங்க வூட்டுக்கு இல்ல ஆபத்து? வண்டி ஓட்டுறது நானு. நீங்க ஏன் மாட்டணும்?"

நான் உட்கார்ந்தேன். கதவையாவது சரிசெய்திருக்கலாமே, பழைய பாலிசி அப்போது இருந்ததே என்று கேட்டேன். அதற்குள் அவர் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து எதிரில் உட்கார்ந்தார். பதில் அவர்தான் சொன்னார். பாலிசி உங்கள் பெயரில், கிளெய்ம் போட்டால் இத்தனை வருடம் நீங்கள் சேர்த்த போனஸ் போய்விடும் என்று கார் பட்டறையில் சொன்னார்கள், அதனால் வேண்டாமென்று விட்டுவிட்டோம் என்றார். காலை நீட்டி வைக்க அவர் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும், அமுங்கிய கதவு திறக்காததால் ஆஸ்பத்திரி வாசலில் இடது பக்கம் இறங்க முடியாது. வலது பக்கம் வண்டிகள் உரசிக்கொண்டு போகும். போக்குவரத்து நிற்கும்வரை காத்திருந்து, தேய்ந்த முழங்காலோடு சீட்டில் நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கம் இறங்குவாராம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்டேன், சொன்னார்.

என் போனஸ் வண்டி விற்ற வாரமே புது வண்டிக்குப் போய்விட்டது என்பதை நான் அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர்கள் எதைச் செய்திருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதையும் சொன்னேன். பாய் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய் புதுப் படிவங்களை எடுத்து வைத்தார். கையெழுத்தை மட்டும் போட்டேன். மறுநாள் நானும் ஆபீஸுக்கு வருகிறேன், கதவுச் செலவும் என்னுடையது என்றேன். அதெல்லாம் வேண்டாம் சார் என்று கையை ஆட்டினார். எழுந்து செருப்பை மாட்டும்போது அவர் மனைவி கேட்டார்.

"எத்தினி வாட்டி போன் போட்டோம்ணே. எங்க நம்பருன்னு தெர்ல போல, அதான் எடுக்கலயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். எனக்காக அவரே பொய்யைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"உங்க நம்பருன்னு தெரிஞ்சு தான்மா எடுக்கல," என்றேன்.