எட்வினுக்கு நான் கொடுத்த ராகம்

அந்தப் புதிருக்கு விடை கிடையாது. கிடையாது என்று தெரிந்துதான் கொடுத்தேன்.

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தை அறியாதவர் என்பதால் வந்த துணிவு இது!

மட்டக்களப்பு நகரில் எனக்கு ஒரு மருந்துக்கடை. மேடையேறிப் பாடும் அளவுக்குச் சங்கீதம் தெரியாது. கேள்வி ஞானம் மட்டும் உண்டு. அப்படிப்பட்ட நாங்கள் நான்கு பேர், வாரத்தில் ஒரு மாலை டச்பாரில் எட்வின் வீட்டில் கூடுவோம். ஒருவர் ஏதாவது ஒரு ராகத்தின் சிறு துண்டைப் பாடுவார் அல்லது வாசிப்பார். மற்றவர்கள் ராகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். தோற்றவர் எல்லோருக்கும் தேநீர் ஊற்ற வேண்டும். யுத்தம் ஓய்ந்தும் ஓயாமலும் கிடந்த அந்த ஆண்டுகளில், அந்த ஒரு மாலைதான் எங்களை மனிதர்களாக வைத்திருந்தது.

எட்வின் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். கலியாண வீட்டு ஆட்டங்களுக்கு வாசிக்கத் தகப்பன் பழக்கிவிட்ட வயலினில், கர்நாடக சங்கீதத்தை ஆசையால் தானாகவே பிடித்துக்கொண்டவர். அவரை யாராலும் தோற்கடிக்க முடியாது. இரண்டாவது சுரம் வருவதற்குள் பெயரைச் சொல்லிவிடுவார்!

அன்று நத்தார், கிறிஸ்து பிறந்த நாள். கேக்கும் வைனும் வந்தன. நான் ஒரு மாதமாகத் தேடி வைத்திருந்த ராகத்தை எட்வின் பாதி மூச்சில் சொல்லிவிட்டார். பிறகு அவர் வாசித்தது எனக்குப் பிடிபடவில்லை.

"சிவத்தார், இண்டைக்கும் தேத்தண்ணி நீங்கதான்!" என்று மற்ற இருவரும் சிரித்தார்கள். எட்வினின் மனைவி ஸ்டெல்லாவும் சிரித்தாள். சின்ன மகள் ரோசலின்கூட!

சிநேகிதமான சிரிப்புத்தான் அது. ஆனால் எனக்கு உள்ளே எரிந்தது... ஏன் எரிந்தது? ஒரு கோப்பைத் தேநீருக்காகவா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தேநீரை ஊற்றி வைத்துவிட்டு, "இதைச் சொல்லுங்க பாப்பம்" என்று ஒரு துண்டைப் பாடினேன். ஏறும்போது கல்யாணி, இறங்கும்போது தோடி. தைத்த இடம் தெரியாதபடி வளைத்து, நெளித்து, நானே கட்டியது. அப்படியொரு ராகம் உலகில் இல்லை.

எட்வின் கண்ணை மூடினார். "இன்னொருக்காப் பாடுங்க."

பாடினேன்.

"இப்பிடி ஒண்டு இருக்கா?"

"இருக்கு. அபூர்வமான ராகம். நாளைக்குக் காலைல வாறன். அதுக்குள்ள சொல்லாட்டி நீங்க தோத்ததுதான்" என்றேன்.

அவர் குழந்தையைப் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி மறப்பேன்!

மறுநாள் காலையில் கடல் வந்தது.

டச்பார் கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். அங்கே வீடுகள் நின்ற அடையாளமே இல்லை. எட்வினை வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள்ளிருந்து எடுத்தார்கள். ஸ்டெல்லாவும் ரோசலினும் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் நகரிலுள்ள தேவாலயத்துக்கு ஞாயிறு பூசைக்குப் போயிருந்தார்கள்.

அவர்கள் தங்கியிருந்த முகாமுக்குப் போனேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசைக்கு வாங்க எண்டு எவ்வளவு கூப்பிட்டன் அண்ணன். 'சிவத்தார்ர புதிர் கைக்குள்ள வந்திட்டு, இப்ப எழும்பினா நழுவிடும், நீங்க போங்க' எண்டு வயலினோட இருந்திட்டாரு... கடைசி நேரத்தில சந்தோசமா இருந்தவர் அண்ணன். அது போதும் எனக்கு."

அவள் எனக்கு நன்றி சொன்னாள்! கேட்டீர்களா? நன்றி!

பிறகு கேட்டாள்: "அது என்ன ராகம் அண்ணன்?"

"மறுகா ஆறுதலாச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்தேன் என்பது பொய்... ஓடினேன்.

அவர்கள் திருகோணமலையில் ஸ்டெல்லாவின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். மீண்டும் சண்டை மூண்டது. பாதை பூட்டியது. சோதனைச் சாவடிகளைச் சொல்லி, ஷெல் வீச்சைச் சொல்லி நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஊரே சமாதானத்துக்காக ஏங்கியபோது, பாதை பூட்டிக் கிடப்பதில் ரகசியமாக ஆறுதல் கொண்டவன் நான். இதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்தது. என் சாக்கும் முடிந்தது.

ரோசலின் வயலின் படிக்க மட்டக்களப்புக்கே வந்து சேர்ந்தாள். ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்றாள். தகப்பனின் அதே நெற்றி.

"அங்கிள், ஒரு விசயம் கேக்கணும். அண்டைக்குப் பூசைக்குப் போக நான் சப்பாத்துப் போடக்குள்ள அப்பா இதைத்தான் வாசிச்சுக்கொண்டிருந்தவர்..."

வயலினை எடுத்து வாசித்தாள். ஒரு சுரம் பிசகவில்லை! நான் கட்டிய அந்தப் பொய், அவள் விரலில் அத்தனை அழகாக இருந்தது.

"அப்பாட குரல்கூட எனக்கு மறந்து போச்சு அங்கிள். இது மட்டும்தான் இருக்கு. என்ன ராகம் இது?"

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் வாய் திறந்து, 'மகள், இது ராகமே இல்லை' என்று சொல்லியிருக்கலாம்...

"சுபபந்துவராளி" என்றேன்.

அவள் திரும்ப வாசித்துப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "மேல போகக்குள்ள வாற காந்தாரம் அதில வராதே?"

இங்கேதான்... நான் செய்த இரண்டாவது காரியம். முதலாவதையாவது கடலின் மேல் போடலாம். இதை யார்மேல் போடுவேன்?

"நான் அப்பாக்குப் பாடினது இப்பிடி இல்ல மகள். உங்களுக்கு அப்ப சின்ன வயசு. மாறிக் கேட்டிருப்பீங்க."

அவள் வயலினைத் தாழ்த்தினாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஓம்... இருக்கும் அங்கிள். என்னிலதான் பிழை."

நான் விடவில்லை. 'சரியானதை' நானே பாடிக் காட்டினேன். அவள் பின்னால் வாசித்தாள். காந்தாரம் பழைய இடத்துக்கே போய்ப் போய் நின்றது. ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். நாலைந்து தடவையில் விரல் பழகிவிட்டது.

தகப்பன் அவளுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் அழித்தேன்... அவளுடைய விரலாலேயே!

இப்போது ஆண்டுதோறும் நினைவு நாளன்று கடற்கரையில் ரோசலின் வாசிக்கிறாள். அப்பாவின் ராகம் என்று அறிவித்துவிட்டுத்தான் வாசிப்பாள். சனம் அழும். என்னை முன் வரிசையில் இருத்துவாள். அவள் வாசிக்க வாசிக்க, என் காதுக்குள் மற்றது கேட்கும். எட்வின் கண்ணை மூடிக்கொண்டு தேடிய அது. இனி அதை அறிந்தவன் நான் மட்டும்தான்.

போன முறை வாசித்து முடித்து நேராக என்னிடம் வந்தாள்.

"சரியா வந்திச்சா அங்கிள்?"

"ஓம் மகள்" என்றேன். "அப்படியே உங்கட அப்பா."