பந்து பொறுக்கப் போன வருடம்

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது ஒஸ்லோவில் ஒரு டென்னிஸ் கழகம் என்னைத் தன் இளையோர் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தது. என் தோழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் என்னைவிட நன்றாக ஆடுவாள் என்பது எனக்குத் தெரியும். அன்று அந்த உள்ளரங்கில் நின்ற எல்லாருக்குமே தெரியும்.

அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. தாயும் தந்தையும் பிலிப்பீன்சிலிருந்து வந்தவர்கள். தந்தைக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் நான்கு மாதம் வீட்டில் நின்றால் அதிகம். தாயும் என் அம்மாவும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தார்கள். ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள ஹொல்ம்லியாவில் எங்கள் தொடர்மாடிக்கு அடுத்த தொடர்மாடியில் அவர்கள் இருந்தார்கள். இரண்டு வீட்டிலும் சோறுதான். எந்த வீட்டில் கருவாடு பொரித்தாலும் மேல்மாடியில் யாராவது யன்னலை அடித்துச் சாத்துவார்கள். எட்டு ஒன்பது வயதிலிருந்தே நாங்கள் இருவரும் இரட்டையர் ஆட்டத்தில் சோடி. நான் ஒரு வயது மூத்தவள் என்பதால் தங்கள் வழக்கப்படி என்னை "ஆத்தே" என்று கூப்பிடுவாள். அவர்கள் மொழியில் அது அக்கா. "எங்கடை ஊரிலை ஆத்தை எண்டால் தாய்" என்று சொல்லி அம்மா ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

அவள் வலப்பக்கம் வரும் பந்தையும் இடப்பக்கம் வரும் பந்தையும் இரண்டு கையாலேயே அடிப்பாள். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் நடந்த பழம்பொருள் சந்தையில் தாய் அவளுக்கு ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தார். அது பெரியவர்களின் மட்டை. ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்தாள். அப்படியே பழகிவிட்டது.

தேர்வு நாளில் எங்கள் எல்லாரையும் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தார்கள். முடிந்ததும் பயிற்சியாளர் அவளையும் தாயையும் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்தில் சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தேன்.

"நல்ல கால், நல்ல கண்," என்றார் அவர். "ஆனால் இந்த உயரத்தில், அதுவும் இரண்டு பக்கமும் இரண்டு கையால் அடித்துக்கொண்டு, எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நான் மறைக்கக் கூடாது. பொழுதுபோக்குக் குழுவில் தாராளமாக இடம் இருக்கிறது."

தாய்க்கு நோர்வே மொழி அவ்வளவாக வராது. மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் பயிற்சியாளரைப் பார்த்துக் கேட்டாள்: "எத்தனை சென்ரிமீற்றர் வேணும்?"

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

"சொல்லுங்கோ. எனக்குத் தெரியவேணும்," என்றாள்.

அவர் சொல்லவில்லை. அவள் இல்லாமல் நானும் வரமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

அந்த வருடம் பங்குனி மாதத்திலும் முழங்கால் அளவு பனி கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளரங்கில் பயிற்சி முடித்து ரயிலில் வந்து இறங்கியபோது, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலுள்ள நகரசபையின் தார் ஆடுகளத்தில் அவளும் தாயும் பனி அள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதி ஆடுகளம் கறுப்பாகத் தெரிந்தது. அவர்களோடு என் அப்பாவும் நின்றார். அப்பா பஸ் ஓட்டுபவர். காலை வேலை முடிந்து வரும்போது கண்டுவிட்டு, எங்கள் தொடர்மாடியில் பனி அள்ளும் பெரிய சவளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாயோடு நடக்க வந்த ஒரு மனிதர் நின்று பார்த்தார். "இது மே மாதம்தான் திறக்கும்," என்றார்.

"நாங்கள் இப்பவே திறந்திட்டம்," என்றாள் அவள், நிமிராமலே.

நகரசபை வலை கட்டுவதும் மே மாதத்தில்தான். அப்பா வீட்டிலிருந்து உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கொண்டுவந்து இரண்டு கம்பத்துக்கும் இடையில் இழுத்துக் கட்டினார். குளிரில் பந்து எழும்பாது, முழங்காலுக்குக் கீழேதான் வரும். நான் கையுறையோடு பத்து நிமிடம் அடித்துவிட்டு, விரல் விறைக்கிறது என்று நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடச் சுவரில் பந்தை அடித்து மிச்ச நேரத்தைப் போக்கினாள். அந்த வருடமும் அடுத்த வருடமும் அவளுடைய பயிற்சி அதுதான். கிழமையில் இரண்டு நாள் நானும் போய் அடித்துக் கொடுப்பேன். கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும், போகாதே என்று என் பயிற்சியாளர் சொன்னார். நான் போனேன்.

பதினாறு வயதுக்கு உட்பட்டோர் போட்டி ஒன்றில் இரண்டாம் சுற்றில் நானும் அவளும் எதிரெதிரே வந்தோம். போட்டிக்கு முன் அப்பா என்னிடம் சொன்னார்: "சிநேகிதியெண்டு விட்டுக் குடுக்காதை. அது அவளுக்கும் மரியாதையில்லை."

விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவே இல்லை. பயிற்சியாளர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்த இடம் எனக்குரியதுதான் என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

சிறுவர் போட்டிகளில் நடுவர் கிடையாது. தன் பக்கத்தில் விழும் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அந்தந்தப் பக்கத்தில் நிற்பவரே சொல்ல வேண்டும். முதல் செட்டில் இரண்டுக்கு இரண்டு என்று நிற்கும்போது அவள் அடித்த ஒரு பந்து என் பின்கோட்டில் விழுந்தது. கோட்டின்மேல் விழுந்ததை நான் கண்ணால் கண்டேன். விரலை உயர்த்தி, "வெளியே," என்றேன்.

அவள் வலைவரை நடந்து வந்தாள். பந்து விழுந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நிச்சயமா, ஆத்தே?"

"ஓம்."

"சரி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு நான் அந்த ஆட்டத்தில் எடுத்தது ஒரேயொரு கேம். 6-2, 6-1.

திரும்பி வரும் ரயிலில் நாங்கள் எதிரெதிர் இருக்கையில் இருந்தோம். இரண்டு நிறுத்தம் தாண்டினோம்.

"அந்தப் பந்து உள்ளை," என்றேன்.

"தெரியும்."

"பிறகேன் நீ சண்டை பிடிக்கேல்லை?"

"சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டால் அடுத்த பந்தை ஆர் அடிக்கிறது?" என்றாள். பிறகு பையைத் திறந்து தாய் கட்டித் தந்த சோற்றுப் பெட்டியை எடுத்து, கரண்டியை முதலில் என்னிடம் நீட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தின்றேன். அன்றைக்குப் பிறகு நான் ஒரு பந்தைக்கூட மாற்றிச் சொன்னதில்லை.

அடுத்த கிழமை பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடவே போனேன். குழுவில் இடம் இருக்கிறது, பிடியை மட்டும் மாற்றிக்கொள்வோம் என்றார் அவர்.

"எனக்குக் குழு வேண்டாம்," என்றாள். "காலமை ஆறு மணிக்கு இஞ்சை கோர்ட் எல்லாம் சும்மா கிடக்கு. அதிலை ஒண்டைத் தாங்கோ."

"தனியாக என்ன செய்வாய்?"

"அவள் தனிய இல்லை, நானும் வாறன்," என்றேன் நான். அந்த நேரம்வரை நான் அப்படி எதையும் யோசித்திருக்கவில்லை. வாய் முந்திவிட்டது. குழுவில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது என்றார் அவர். அப்படியென்றால் குழுவில் இருக்கவில்லை என்றேன். கடைசியில் அவர் காலை ஆறு மணி ஆடுகளத்தைத் தந்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கிடைச்ச இடத்தை ஆரும் விடுவினமே?" என்று கேட்டார். "அவளின்ரை இடத்தை நான் எடுத்து வைச்சிருந்தனான் அம்மா," என்றேன். அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு நான் எழும்பியபோது மேசையில் தேத்தண்ணியும் இரண்டு பேருக்குச் சாப்பாடும் இருந்தன.

நான்கு வருடம் அப்படிப் போனது. இளையோர் போட்டிகளில் அவள் ஜெயிக்கத் தொடங்கினாள். முதலில் ஒஸ்லோவில், பிறகு பேர்கனில், பிறகு டென்மார்க்கில், போலந்தில். தாயின் நாட்டுக்காக ஆடப்போகிறேன் என்று பதினேழு வயதில் முடிவெடுத்தாள். "நீ நோர்வேயில்தானே வளர்ந்தாய்?" என்று யாராவது கேட்டால், "ஓம், வளர்ந்தனான்," என்பாள். அதற்குமேல் விளக்கம் சொல்ல மாட்டாள். நான் இதற்குள் அவளோடு செட் வெல்வதை மறந்திருந்தேன். எனக்குள்ள ஆட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் எனக்குத் துக்கமும் இருந்தது, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தொழில்முறை ஆட்டக்காரியாகப் போவதென்று அவள் தீர்மானித்தாள். அவளோடு போகப் பயிற்சியாளர் யாரும் இல்லை. நான் ஒரு வருடம் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வருசம்தானே?" என்றார். "ஒரு வருசம்தான்." அவர் மேலே கேட்கவில்லை.

ஊர் கேட்டது. ஒரு கலியாண வீட்டில், எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு அன்ரி எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "மருத்துவம் படிக்கக்கூடிய பிள்ளை. ஆற்றையோ பிள்ளை விளையாட, இது பின்னாலை பந்து பொறுக்கப் போகுதாம்."

மேசையில் எல்லாரும் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகம் சிவந்தது.

"ஓம் அன்ரி," என்றேன். "பந்து பொறுக்கத்தான் போறன். ஆவணியிலை வெளிக்கிடுறன்."

அப்பா எனக்கு இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றினார்.

துருக்கியில் கடலோரமாக ஓர் ஊரில் கிழமைக்குக் கிழமை சின்னத் தொழில்முறைப் போட்டிகள் நடக்கும். உலகம் முழுவதிலுமிருந்து பெயரெடுக்காத பெண்கள் அங்கே வந்து குவிவார்கள். முதலில் தகுதிச் சுற்றில் ஜெயிக்க வேண்டும். பிறகு பிரதான சுற்றில் ஒரு ஆட்டமாவது வென்றால்தான் ஒரு புள்ளி. மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்தால்தான் உலகத் தரவரிசையில் பெயர் வரும். முதல் ஐந்து கிழமையும் அவள் தகுதிச் சுற்றிலேயே தோற்றாள். தோற்ற அன்று உடுப்புகளைக் குளியலறைத் தொட்டியில் போட்டுத் தும்புதும்பாகப் போகுமளவுக்குக் கசக்குவாள். நான் எதுவும் கேட்க மாட்டேன். உடுப்பைப் பிழிந்து பலகணியில் போட்டுவிட்டு, "நாளைக்கு எத்தினை மணிக்குக் கோர்ட்?" என்பாள். நான் பந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். எறிந்து கொடுத்தேன், பொறுக்கினேன், மட்டைகளை நரம்பு மாற்றக் கொண்டுபோய்க் கொடுத்தேன், எதிராளிகளின் ஆட்டத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன்.

ஆறாவது கிழமை தகுதிச் சுற்றைத் தாண்டினாள். பிரதான சுற்றில் எதிரே வந்தவள் அவளைவிட ஒரு தலை உயரம். அந்த உயரத்திலிருந்து அடிக்கும் சேர்வ் என் தோழியின் தோளுக்கு மேலால் போனது. முதல் செட் அவளுக்கு, இரண்டாவது எதிராளிக்கு. மூன்றாவதில் என் தோழி இரண்டுக்கு ஐந்து என்று பின்னால் நின்றாள். பார்வையாளர் என்று இருந்தது நானும் அந்தப் பெண்ணின் தகப்பனும் மட்டும்தான். அந்த மனிதர் சாமான்களைப் பையில் அடுக்கத் தொடங்கினார். நான் அதைக் கண்டேன், அவளும் கண்டாள்.

பிறகு அவள் பந்தைத் தாழ்த்தி அடிக்கத் தொடங்கினாள். வலையை உரசிக்கொண்டு போய், எழும்பாமல் வழுக்கும் பந்து. உயரமானவள் ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டியிருந்தது. குனிந்து குனிந்து அவள் கால் தளர்ந்ததை நான் பார்த்தேன். ஐந்துக்கு ஐந்து ஆனது. ஏழுக்கு ஐந்து என்று முடிந்தபோது நான் என்னை அறியாமல் எழும்பி நின்றேன்.

அவள் எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அஞ்சு மணிக்கு ஒரு கோர்ட் எடுத்து வை, ஆத்தே," என்றாள். "சேர்வுக்கு நான் நிக்கிற இடம் பிழை."

அந்த மாரிகாலம் முடிவதற்குள் தரவரிசையில் அவள் பெயர் வந்தது. கடைசிப் பக்கங்களில்தான். அவளுடைய தாய் அந்தப் பக்கத்தை அச்செடுத்து முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஒட்டினார். நான் சொன்னபடி ஒரு வருடம் முடிந்து திரும்பி வந்தேன். மருத்துவம் படிக்கவில்லை. இயன்மருத்துவம் படித்தேன், இப்போது ஒரு மருத்துவமனையில் முழங்கால்களோடும் தோள்களோடும் என் நாள் போகிறது. அதை நானாகத் தெரிந்தெடுத்தேன். என்னைப் பார்த்து, "நீரும் விட்டிருக்காட்டி அப்பிடி வந்திருப்பீர்," என்று பாவப்படுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வந்திருக்க மாட்டேன். எனக்கு அதில் பொய் தேவையில்லை.

அவள் இப்போது முழுநேர ஆட்டக்காரி. அவளுக்கென்று பயிற்சியாளர் இருக்கிறார். குளிர்காலத்தில் ஸ்பெயினில் பயிற்சி. இரண்டு கைப்பிடி அப்படியே இருக்கிறது. போன வருடம் அந்தச் சின்னப் போட்டிகளைவிடப் பெரிய ஒரு போட்டியின் இறுதி ஆட்டம்வரை போய் அதில் மோசமாகத் தோற்றாள். அவளுடைய எல்லை இதுதான், இந்த உடம்போடு இதற்குமேல் ஏறாது என்று இணையத்தில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அவளுக்கு அனுப்புவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே எனக்கு அதை அனுப்பினாள். அதோடு அடுத்த வருடத்துக்கான போட்டிப் பட்டியலையும் அனுப்பியிருந்தாள். பழைய சின்னப் போட்டி ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் பெரியவை.

மத்தியான இடைவேளையில் அவளைத் தொலைபேசியில் எடுத்துக் கதைத்தேன்.

"இதுகளுக்கெல்லாம் உன்னை எடுப்பினமே?"

"நேரை எடுக்கமாட்டினம்," என்றாள். "தகுதிச் சுற்று இருக்குத்தானே. விண்ணப்பம் எல்லாம் போட்டிட்டன்."