ஒரு சிறு திருத்தம்

என்னைப் பற்றி யாராவது எழுதுவதானால் நான்கு வரி போதும். பல் கட்டும் டெக்னீஷியன். ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில் வேலை. கல்யாணமானவன். ஓய்வு நேரத்தில் உலக விஞ்ஞானத்தைக் கட்டி மேய்க்கிறவன். நான்காவது வரியைக் கேட்டால் என் மனைவி சிரிப்பாள் என்பதால் அதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

முன்னறையில் டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்து என்னிடம் அனுப்புவார். அந்த அச்சுக்குள் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, குமிழி நிற்காமல் தட்டித் தட்டி உட்காரவைத்து, இறுகுவதற்காகக் காத்திருப்பேன். இறுகியதும் அதன்மேல் மெழுகில் பல் வடிப்பேன். கடைசியில் உலையில் வைத்துவிட்டு மறுபடியும் காத்திருப்பேன். ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல் எனக்கு அத்துப்படி. ஒருவர் முகமும் தெரியாது. என் மேஜைமேல் எப்போதும் ஏழெட்டு வாய்கள் திறந்தபடி இருக்கும். அவற்றில் ஒன்றாவது என்னோடு பேசியதும் இல்லை, நான் பேசுவதைக் கேட்டதும் இல்லை. வீட்டிலும் நிலைமையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னால் சாயங்காலம் எனக்குத்தான் சிக்கல்.

ஆக, காத்திருக்கும் நேரமெல்லாம் கையில் போன். புது விண்கலம், புது ரோபோ, புது போன், அடுத்து வரப்போகிற விண்வெளிப் படத்தின் டிரெய்லர் என்று சுடச்சுடப் போடுகிற இணையதளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு செய்திக்குக் கீழும் ஒரு கருத்துப் பெட்டி. அதற்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: செய்தியைப் படிக்கக் கூடாது. தலைப்பைப் பார்த்த கையோடு கருத்தைச் சொல்லிவிட வேண்டும். செய்தியின் மூன்றாவது பத்தியை மேற்கோள் காட்டுகிறவன் நேற்றுச் சேர்ந்தவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் பல வருஷத்து ஆள். தலைப்பையே முழுதாகப் படிப்பதில்லை.

அங்கே என் பெயர் கருந்துளை. ஆழமான பெயர் என்று நினைத்துத்தான் வைத்தேன். என் மனைவியும் கேட்டுவிட்டுப் பொருத்தமான பெயர் என்றாள். எதைச் சொன்னாலும் உள்ளே போகிறது, ஒன்றும் வெளியே வருவதில்லை என்று காரணமும் சொன்னாள்.

வேறு கிரகத்தில் ஓடுகிற வண்டிக்குச் சக்கரம் தேய்ந்துவிட்டது என்று செய்தி வந்தால், ஸ்டெப்னி வைக்கத் தெரியாதவனை எல்லாம் யார் வேலைக்கு எடுத்தது என்று கேட்பேன். ரோபோ துணி மடிக்கிறது என்றால், என்னைப் போல் மடிக்கத் தெரியாமல் நடிக்குமா என்று கேட்பேன். பத்துப் பதினைந்து பேர் சிரிப்பு முகம் போடுவார்கள். அன்றைக்கு நான் வடிக்கிற பல்லில் ஒரு தனிக் களை இருக்கும்.

அப்படி இருந்த என் ராஜாங்கத்தில்தான் அடிக்குறிப்பு வந்து சேர்ந்தார். அதுவும் புனைபெயர்தான். ஆணா பெண்ணா, வயதென்ன, எந்த ஊர், எதுவும் தெரியாது. ஏதோ ஒரு புதைபடிவச் செய்திக்குக் கீழே, இந்த விலங்கு பல ஒளியாண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்தது என்று நான் எழுதியிருந்தேன். சிறிது நேரத்தில் அதற்குக் கீழே ஒரு பதில் வந்தது. “ஒரு சிறு திருத்தம். ஒளியாண்டு என்பது தூரம், காலம் அல்ல. உங்கள் கணக்குப்படி அந்த விலங்கு வேறு ஏதோ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்திருக்க வேண்டும்.” என் கருத்துக்கு விழுந்த சிரிப்பைவிட அந்தப் பதிலுக்கு விழுந்த சிரிப்பு அதிகம். அன்றைக்கு ஒரு முன்பல் கோணலாகப் போய், டாக்டரம்மா அதைத் திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தால் போதும், ஒரு சிறு திருத்தம் வந்து நிற்கும். மனிதன் மூளையில் பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்று எழுதினேன். மூளை முழுவதும் வேலை செய்கிறது, உங்களுடையதும்தான் என்று பதில் வந்தது. ஒரு படத்தின் டிரெய்லரில் கதாநாயகன் ராக்கெட்டிலிருந்து குதித்து மூன்று விரலை ஊன்றித் தரையில் நிற்பதைப் பார்த்துப் புல்லரித்துப்போய் எழுதினேன். அந்த உயரத்திலிருந்து வந்தால் விரல் என்ன ஆகும், தரை என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்டே காட்டினார். கற்பனைப் படத்துக்குக்கூடத் திருத்தம் போடுகிற ஆளை என்னதான் செய்வது?

கோபம் வந்தது. மனைவியிடம் அவரைப் பற்றிக் குறை சொன்னேன். அடிக்கடி சொன்னேன். நாளடைவில் அவர் எங்கள் வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டார். சாப்பிடும்போது, இன்றைக்கு உங்கள் வாத்தியார் என்ன சொன்னார் என்று மனைவி விசாரிப்பாள். என் வாத்தியாருக்கு ஒரு குணம் இருந்தது. ஏளனம் செய்யமாட்டார், ஆனால் ஒரு வரியைக்கூட விடமாட்டார். நான் எழுதியதை முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை படித்துவிட்டுத்தான் பதில் போடுவார். யோசித்துப் பார்த்தால், நான் சொல்வதை முழுதாகக் கேட்கிற மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். இது எனக்குப் புரிய வெகுநாள் பிடித்தது. புரிந்த பிறகும் அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

செயற்கை இதய வால்வு பற்றி ஒரு செய்தி வந்தது. வழக்கம்போலத் தலைப்பைப் பார்த்துவிட்டு, வால்வுதானே, ஒரு பிளம்பரைக் கூப்பிட்டால் அரைமணி நேரத்தில் மாற்றிவிட்டுப் போகிறார் என்று எழுதினேன். பதில் வந்தது. “ஒரு சிறு திருத்தம். பிளம்பர் வேலை செய்யும்போது தண்ணீரை நிறுத்திவிடலாம். இங்கே ரத்தத்தை நிறுத்த முடியாது, இதயத்தைத்தான் நிறுத்துகிறார்கள். அதுவரை ஒரு இயந்திரம் அதன் வேலையைப் பார்க்கிறது. அடுத்த வாரம் எனக்கே செய்யப்போகிறார்கள் என்பதால் சற்று விரிவாகப் படித்தேன்.”

பிளாஸ்டர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் இத்தனை வருஷம் புழங்கியும், ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்கு எனக்குப் பழக்கமில்லை. ‘எல்லாம் நல்லபடியா முடியும்’ என்று அடித்தேன். உடனே, எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஆதாரம் என்ன என்று அவர் கேட்பாரோ என்று தோன்றியது. அழித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டேன். மனிதர் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்கிறார். நான் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வருகிறேன்.

அந்த அடுத்த வாரம் வந்தது, போனது. திருத்தம் எதுவும் வரவில்லை. இன்னும் ஒரு வாரம் போனது. ஆஸ்பத்திரியில் இருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாதம் திரும்பிய பிறகு அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அவர் பெயரைத் தட்டினால் பழைய திருத்தங்கள் வரிசையாக வந்தன, முக்கால்வாசி எனக்குப் போட்டவை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வால்வு நின்றது.

அப்போதுதான் என்னைப் போன்ற ஒருவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை தோன்றியது. தப்பைக் கண்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. ஆகவே தப்பாக எழுதுவோம். ஆள் இருந்தால் வெளியே வந்தே தீருவார்.

முதலில் பழைய ஒளியாண்டையே போட்டுப் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. சத்தம் வெளிச்சத்தைவிட வேகமாகப் போகும் என்று எழுதினேன். இரண்டு பேர் ஆமோதித்தார்கள். நிலவுக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, மின்சாரம் மிச்சப்படுத்தத்தான் பகலில் அணைத்து வைக்கிறார்கள் என்று எழுதினேன். சிரிப்பு முகங்கள் குவிந்தன. என் வாழ்நாளிலேயே அவ்வளவு சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை, ஒன்றுகூட இனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திறந்து பார்ப்பேன். அந்த மூன்று வார்த்தை மட்டும் இருக்காது.

வெறி பிடித்து ஒரு பெரிய பொய்யை அவிழ்த்துவிட்டேன். போனை ஃப்ரிட்ஜுக்குள் ஒரு நாள் வைத்து எடுத்தால் பேட்டரி புதிதுபோல் ஆகிவிடும், இதை விஞ்ஞானிகள் நிரூபித்திருக்கிறார்கள் என்று போட்டேன். இதைப் பார்த்தும் பேசாமலிருந்தால் அவர் அடிக்குறிப்பே அல்ல என்று கணக்கு. அவர் வரவில்லை. அந்தச் செய்திதான் ஊர் சுற்றப் போய்விட்டது. பகிர்ந்தவர்கள் பகிர்ந்துகொண்டே போனார்கள். நான் பதறிப்போய் அழிப்பதற்குள் அது யார் யார் போனுக்கோ தாவியிருந்தது.

அது கடைசியில் வந்து சேர்ந்த இடம் எங்கள் குடும்பக் குழு. அனுப்பியவர் என் மனைவியின் தம்பி. லாரி ஓட்டுகிறவர், அறிவியல் என்றால் உயிரை விடுவார், சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார். இந்த முறை சந்தேகமே வரவில்லை. மறுநாள் முழுக்க மச்சானைப் போனில் பிடிக்க முடியவில்லை. என் மனைவி நேரில் போய்ப் பார்த்தபோது, போன் ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. வெளியே எடுத்ததும் வியர்த்து ஊற்றி, திரை மூச்சு விடாமல் கிடந்து, வெயிலில் காயவைத்த பிறகுதான் கண் திறந்ததாம். “இதெல்லாம் உண்மைதானே மாமா?” என்று சாயங்காலம் என்னிடம் கேட்டார். உண்மையில்லை என்றேன். எந்தப் படுபாவி கிளப்பிவிட்டது என்று கேட்டார். கருந்துளை என்று ஒருவன் என்றேன். அவன் கையில் கிடைத்தால் லாரி ஏற்றுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மச்சானுக்குத் தெரியாத என் புனைபெயர் என் மனைவிக்குத் தெரியும். அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நிலா, சத்தம், ஒளியாண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வால்வையும் கட்டைவிரலையும் கடைசியில் சொன்னேன். முகம் தெரியாத ஒருவருக்காக இப்படிக் கலங்குவது எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

“அவரு எப்படி இருக்காருன்னு தானே தெரியணும் உங்களுக்கு?”

“ஆமா.”

“அத நேரா கேட்டா என்னங்க? அதுக்கு எதுக்கு நிலாவ இழுக்கணும், என் தம்பி போன ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்?”

உலகத்துக்கே யோசனை சொல்கிறவனுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஒரு அச்சில் பிளாஸ்டரை ஊற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தளத்தில் தொலைநோக்கி எடுத்த ஒரு வானப் படம் போட்டிருந்தார்கள். அதன் கீழே எழுதினேன். நேராகக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டுதான் எழுதினேன், ஆனால் பழக்கதோஷம், கொஞ்சம் அறிவியல் சேராமல் எனக்குக் கை ஓடாது. “அடிக்குறிப்பு அவர்களுக்கு. எப்படி இருக்கிறீர்கள்? நாம் அண்ணாந்து பார்க்கும் நட்சத்திரங்களில் பாதி எப்போதோ செத்துப்போனவை, வெளிச்சம் மட்டும்தான் வந்துகொண்டிருக்கிறது என்பார்கள். உங்கள் பழைய திருத்தங்களைப் படிக்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வந்து பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதுங்கள்.” யாரும் சிரிப்பு முகம் போடவில்லை. யாரோ ஒருவர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். இனி அந்தப் படத்தைக் கண்டால் எனக்கு ஆகாது.

அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள், ஒரு கடைவாய்ப் பல்லுக்குப் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்தபோது போன் மின்னியது. கையெல்லாம் மாவு. மூக்கு நுனியால் திறந்தேன்.

“ஒரு சிறு திருத்தம். வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுத் தூரத்துக்குள் இருப்பவை. அவற்றின் ஆயுளோ பல லட்சம், பல கோடி ஆண்டுகள். அந்த வெளிச்சம் இங்கே வந்து சேருவதற்குள் அவை செத்துப்போக வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே நீங்கள் பார்க்கும் நட்சத்திரங்கள் அநேகமாக எல்லாமே இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.”

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. “நிலா, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டுமென்றே செய்கிற தவறுக்கு நான் திருத்தம் போடுவதில்லை, அதோடு சிரித்தால் தையல் வலிக்கிறது.”

முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை படித்தேன். மறுபடியும் படித்தேன். ஆதாரம் கேட்கத் தோன்றவில்லை. கண் மங்கியதற்குப் பிளாஸ்டர் தூசிதான் காரணம் என்று சொன்னால் அதற்கும் ஒரு திருத்தம் வரும். நிமிர்ந்தபோது கரைத்த பிளாஸ்டர் கரண்டியோடு சேர்ந்து கிண்ணத்திலேயே இறுகிப்போயிருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு மனைவிக்குப் போன் செய்தேன்.

“என்னங்க ஆச்சு?” என்றாள்.

“நான் எழுதினது தப்பாம்.”

“அப்பாடா,” என்றாள்.