மாஸ்க்குக்கு இடைஞ்சலாக ஒரு மீசை

புது சிலிக்கோன் ரப்பருக்கு ஒரு வாசனை உண்டு. புது பலூனை வாயில் வைத்து ஊதும்போது வருமே, கிட்டத்தட்ட அதே வாசனை... மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், செங்கம் ரோட்டில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜில், அந்த வாசனை மூக்கில் ஏற ஏற மல்லாந்து படுத்திருந்தேன்.

என் குறட்டை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மனைவி இருந்தவரை விலாவில் ஒரு இடி விழும், புரண்டு படுப்பேன். அவள் தவறிய பிறகு லாட்ஜிலேயே ஒரு ரூமில் தங்கிவிட்டேன். இடிக்க ஆள் இல்லை.

பக்கத்து ரூமில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் காலையில் வந்து, ராத்திரி பூரா ஜெனரேட்டர் ஓடுகிறதே, கரன்ட் இல்லையா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் அதே மாசம் ரிஜிஸ்டர் எழுதும்போது அப்படியே தூங்கி விழுந்து மேஜையில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

வேலூர் டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆகாது, இனிமேல் மாஸ்க் வழியாகக் காற்றை அடிக்கும் மெஷின் போட்டுத்தான் தூங்க வேண்டும் என்றார்.

மெஷினில் ஒரு தொந்தரவும் இல்லை. மாஸ்க்தான் பாடாய்ப் படுத்தியது.

மெஷின் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பையில் மூன்று மாஸ்க்கோடு வந்தார். கறாரான ஆள். மூக்கு, வாய் இரண்டையும் மூடுகிற மாஸ்க்கை முதலில் மாட்டினார். கிணற்றில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது, ஐந்தே நிமிஷத்தில் கழற்றிவிட்டேன். இரண்டாவது, மூக்குக்கு மட்டும். மெத்தென்று இருந்தது, மாட்டியதே தெரியவில்லை. ஆனால் கீழே உஸ் உஸ்ஸென்று காற்று கசிந்தது. அந்த அம்மா வாரை இறுக்கினார், தளர்த்தினார். கடைசியில் என் மேலுதட்டுக்குப் பக்கத்தில் விரலைக் காட்டினார்.

"லீக் இங்கதான் சார் ஆவுது. மீசை அடர்த்தியா கீதுல்ல, எடுத்துட்டீங்கன்னா கச்சிதமா உக்காந்துடும்."

மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் எடுத்திருக்கிறேன். அம்மா போனபோது. நம்ம பக்கத்தில் அம்மா அப்பா போனால் எடுப்பதுதான், வேறு எதற்கு எடுப்போம்? ஆனால் இது மூச்சு விஷயமாயிற்றே... சாயங்காலமே எடுத்துவிட்டேன். அன்றைக்குத் தூங்கினேன் பாருங்கள், அப்படித் தூங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அப்பா எப்போது தவறினார் என்று தணிந்த குரலில் கேட்டார். அய்யோ அதெல்லாம் இல்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள், பின்னால் நின்ற இரண்டு பேர் கிளம்பிப் போயிருந்தார்கள்.

சேதி அடி அண்ணாமலை கிராமம்வரை போய்விட்டது. அங்கே தம்பி வீட்டில் அப்பா குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் ஒருவர் மாலையோடு வந்து நின்றாராம். மாலையை அப்பாவே கையை நீட்டி வாங்கி வைத்திருக்கிறார்.

போன் வந்தது.

"இன்னாடா, நான் செத்துட்டேனாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

அன்றைக்கே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் அவரைப் பார்த்து நாலு மாசம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது, வெட்கமாகப் போய்விட்டது.

மாஸ்க்கைப் பற்றிச் சொன்னேன். அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் வெறும் மேலுதட்டைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார்.

"உங்கம்மாவுக்கு எடுத்த. எனக்குன்னு ஒரு தரம் மிச்சம் வையிடா."

மீசையைத் திரும்ப வளர்த்தேன்.

லீக் திரும்ப வந்தது. கம்பெனி அம்மா போனில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டு, மூன்றாவது மாஸ்க்கை அனுப்பி அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூக்குத் துளையில் செருகுகிற மாதிரி இரண்டு சின்னக் குழல். மீசைக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் மூக்கு புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன்... பாதி நாள் தூக்கத்தில் நானே பிடுங்கிப் போட்டிருப்பேன். பகலெல்லாம் தலை கனக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவைப் பார்க்கப் போனேன். முதலில் மீசையைப் பார்ப்பார், அப்புறம்தான் என்னை. மூச்சு நல்லா வருதா என்று கேட்பார். வருதுப்பா என்பேன். பாதி பொய்.

இந்த ஆடியில் அப்பா போய்விட்டார்.

கருமாதியன்று நாவிதர் என்னை உட்கார வைத்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

லாட்ஜ் ரூமுக்குத் திரும்பி, அலமாரியில் கிடந்த அந்த இரண்டாவது மாஸ்க்கை எடுத்து மாட்டினேன். ஒரு சத்தம் இல்லை. காலையில் மெஷினில் பார்த்தால், லீக் சுத்தமாக இல்லை. எட்டு மணி நேரத் தூக்கம். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு மீசையை எடுத்ததற்கு ஊரே கலங்கியது. இப்போது தினமும் காலையில் எடுக்கிறேன், ஏன் என்று கேட்க ஒருவர் இல்லை. மறுபடி வளர்த்தாலும் பார்க்க ஆள் கிடையாது...

மாஸ்க் கச்சிதமாகப் பொருந்துகிறது. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். இவ்வளவு நன்றாகத் தூங்குகிறேனே என்பதுதான் தாங்கவில்லை.